மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (மே 26, 1925 - டிசம்பர் 17, 1986) இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவம் என்னும் துறைக்கு அடித்தளமிட்ட மருத்துவர்களுள் ஒருவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். 1954-ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களும் செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவராகவும், பின்னர் மறுவாழ்வு மருத்துவராகவும் விளங்கினார். உள்நோயாளிகளுக்கான இடவசதியுடன் இந்தியாவில் அமைந்த முதல் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு 1963-இல் பொறுப்பேற்றார். 1972-இல் இந்திய அரசின் பத்மசிறீ விருதைப் பெற்றார்.

உயிரைக் காப்பாற்றியதோடு மருத்துவம் முடிந்துவிடுவதில்லை என்பதும், அதன் பின்னர் நோயாளி உண்ணவும் உடுத்தவும் நடமாடவும் உழைக்கவும் கற்பதும் மருத்துவத்தின் பகுதியே என்பதும் இத்துறையின் அடிப்படைக் கருத்துகளாகும். தண்டுவடக் காயம், தொழுநோய், உறுப்பிழப்பு ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, பக்கவாதத்திற்குப் பின் ஏற்படும் பேச்சுக் குறை, விழுங்கல் குறை ஆகியவற்றுக்கு இன்று அளிக்கப்படும் பயிற்சிகளும் இதே கருத்தின்மேல் எழுந்தவை.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் கொச்சி சமத்தானத்தில் வைப்பின் தீவிலுள்ள செறாய் என்னும் ஊரில், நிலவுடைமையும் செல்வாக்கும் உள்ள சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலருள் இளையவர்களில் ஒருவராக வளர்ந்தார். செறாயில் பள்ளிக் கல்வியையும் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் இடைநிலைக் கல்வியையும் முடித்தபின், மருத்துவம் பயில வேலூருக்கு வந்தார்.

அக்காலத்தில் வேலூர்க் கல்லூரி பெரும் மாற்றத்தைக் கண்டுகொண்டிருந்தது. ஐடா சோபியா இசுகடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிறு மருந்தகம், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்தது. 1940-களில் அப்பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாகத் தரம் உயர்த்தப்பட்டு, 1947-இல் ஆண் மாணவர்களையும் ஏற்கத் தொடங்கியது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்டு 1946-இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவரான சேக்கப் சாண்டி 1949-இல் தமது துறையை அங்கு நிறுவினார். பிற்காலத்தில் மேரி வர்கீசின் வாழ்க்கைப் போக்கை மாற்றியவர் பால் பிராண்டு ஆவார்.

பட்டம் பெற்றபின் மேரி வர்கீஸ் மகளிர் நோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற விரும்பி அத்துறையில் பணியாற்றி வந்தார்.

விபத்து

1954-ஆம் ஆண்டு சனவரி மாதம், மேரி வர்கீஸ் உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களுடன் உலா சென்றபோது அவர்கள் பயணித்த வாகனம் கவிழ்ந்தது. அவருக்கு முகத்தில் கடும் காயம் ஏற்பட்டு நிலையான தழும்பு உண்டாயிற்று. முகக் காயத்தைக் காட்டிலும் தண்டுவடச் சிதைவே பெரிய இழப்பாக அமைந்தது. அதனால் இடுப்புக்குக் கீழ் அசைவும் உணர்வும் மீளா வகையில் அற்றுப்போயின.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கடத்தும் நரம்புக் கற்றையாகும். அது அறுபடும் இடத்திற்குக் கீழுள்ள தசைகள் மூளையின் கட்டளையைப் பெறுவதில்லை. தசைகள் தாமாகவே இறுகித் துடித்தல், சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு இழத்தல், உணர்வற்ற தோலில் அழுத்தப்புண் உண்டாதல் ஆகியன தொடர்ந்து வரும் இடர்களாகும். இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை இத்தகைய நோயாளிகளுள் பலர் அழுத்தப்புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். இங்கிலாந்தின் இசுடோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, முறையான பராமரிப்பினால் இவர்கள் நீண்டகாலம் பயனுற வாழமுடியும் என்று காட்டினார். எனினும் 1954-இல் இந்தியாவில் அத்தகைய பிரிவு எதுவும் இருக்கவில்லை. மேரி வர்கீஸ் தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே நோயாளியாகப் பல மாதங்கள் படுத்திருந்தார். தசை இறுக்கத்தைக் குறைப்பதற்கான அறுவை மருத்துவமும் அவருக்குச் செய்யப்பட்டது.

சக்கர நாற்காலியில் அறுவை மருத்துவர்

நின்றபடி செய்யவேண்டிய மகளிர் நோய் அறுவை மருத்துவம் மேரி வர்கீசுக்கு இனி இயலாது என்றாயிற்று. மருத்துவத் தொழிலே முடிந்துவிட்டது என்ற எண்ணத்திற்கு ஆளாகியிருந்த அவரிடம், தொழுநோயாளர்களின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தைக் கற்கலாம் என்று பால் பிராண்டு கூறினார்.

இந்த யோசனை இரக்கத்தால் மட்டும் எழுந்ததன்று. தொழுநோயில் முழங்கைக்கு அருகே செல்லும் நரம்பு பாதிக்கப்படுவதால் விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் நின்றுவிடும். நன்கு இயங்கும் வேறொரு தசையின் தசைநாணைப் பிரித்தெடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைப்பதன் மூலம் அவற்றை மீண்டும் இயங்கச் செய்யலாம். பால் பிராண்டு வேலூரில் இம்முறையை வளர்த்தெடுத்து வந்தார். கை அறுவை மருத்துவம் நுண்ணிய வேலையாதலால், நோயாளியின் கையை ஒரு மேசைமேல் வைத்து, மருத்துவர் அமர்ந்தபடியே செய்வது வழக்கம். ஆகவே கால்கள் இயங்காத ஒருவருக்கு இது தடையற்ற பணியாக இருந்தது.

மேரி வர்கீஸ் இம்மருத்துவத்தைக் கற்றுத் தேர்ந்தார். சக்கர நாற்காலியில் வந்து அறுவை செய்யும் மருத்துவரைக் கண்ட தொழுநோயாளர்கள் புதிய நம்பிக்கை பெற்றனர். சீரமைக்கப்பட்ட கைக்குப் புதிய வேலை கற்பிப்பதற்கு அறுவைக்குப் பின் பல வாரப் பயிற்சி தேவைப்பட்டது. பிடிப்பதையும் விரிப்பதையும் நோயாளி மீண்டும் மீண்டும் செய்து பழகினாலன்றி அறுவையினால் முழுப் பயன் கிடைப்பதில்லை.

பெர்த்திலும் நியூயார்க்கிலும் பயிற்சி

அறுவை மருத்துவராகப் பணியாற்றிய போதிலும், அன்றாடத் தேவைகளுக்கு மேரி வர்கீஸ் பிறரைச் சார்ந்தே இருந்தார். ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கப்பட்டு வந்தது. அங்கு சென்று படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடுத்துதல் முதலியவற்றைத் தாமே செய்யப் பழகினார். தம்மைப் போன்று காயமுற்ற இந்தியர் பலருக்கு இப்பயிற்சி கிடைக்கவில்லை என்பதை அவர் அங்கு உணர்ந்தார். இத்துறையையே தமது வாழ்க்கைப் பணியாகக் கொள்ளவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அடுத்து அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மறுவாழ்வு நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். ஓவார்டு ரசுக் என்னும் மருத்துவர் தோற்றுவித்த நிறுவனம் அது. ரசுக், இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற அமெரிக்க வான்படை வீரர்களுக்கு வெறும் ஓய்வு அளிப்பதைக் காட்டிலும் தொடக்கத்திலிருந்தே பயிற்சி அளிப்பது நல்லது என்று கண்டவர். அவரது முறையில் மருத்துவர், இயன்முறை மருத்துவர், தொழில்வழிப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாக நோயாளியைக் கவனித்தனர். மேரி வர்கீஸ் இக்குழுமுறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

வேலூரில் மறுவாழ்வு மருத்துவம்

1963-இல் மேரி வர்கீஸ் வேலூர்க் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்திலுள்ள கல்லூரி வளாகத்தை ஒட்டி மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி ஒன்றோடு இணைந்து உள்நோயாளிகளை ஏற்கும் நிலையம் இந்தியாவில் அமைந்தது அதுவே முதன்முறையாகும்.

பொது மருத்துவமனையின் படுக்கை ஒன்றில் நோயாளி சில நாட்களே தங்குவார். மறுவாழ்வு நிலையத்திலோ வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கிப் பயில வேண்டியுள்ளது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பு முறைகளைக் கற்பது இந்நிலையத்தின் வழக்கங்களுள் ஒன்று. வெளிநாடுகளில் செவிலியர் செய்யும் பணிகள் பலவற்றை இந்தியாவில் தாய், மனைவி, மகன் ஆகியோரே செய்யவேண்டியிருப்பதால், அவர்களைப் பயிற்றாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது பயனற்றது. சேற்று வழியும் படிக்கட்டும் தரையில் அமர்ந்து செய்யும் வேலைகளும் உள்ள சிற்றூர் வீட்டுக்குத் திரும்பவேண்டியவருக்கு, அச்சூழலுக்கு ஏற்ற பயிற்சியே தேவைப்பட்டது. செயற்கை உறுப்புகளும் தாங்கிகளும் செய்யும் பட்டறையும், கைத்தொழில் பயிற்சியும் மறுவாழ்வின் பகுதிகளாயின. முன்னாள் நோயாளிகள் மீண்டும் கூடி உடல்நிலையைச் சோதித்துக்கொள்ளவும் தம்முள் பேசிப் பழகவும் மறுவாழ்வு மேளா நடத்தும் வழக்கமும் வேலூரில் ஏற்பட்டது.

சக்கர நாற்காலியில் வரும் தலைமை மருத்துவர், புதிதாகக் காயமுற்றவருக்கு எந்த விளக்கத்தையும் விடத் தெளிவான சான்றாக இருந்தார். அதேவேளை, நடக்க இயலாத ஒருவரிடம் மீண்டும் நடப்பீர் என்று பொய்யாக உறுதி கூறுவது மறுவாழ்வு மருத்துவத்தின் நெறியன்று. எது மீளும், எது மீளாது என்பதைத் தெளிவாகக் கணித்து, மீளாததற்கு மாற்று வழியைக் கற்பிப்பதே அதன் முறையாகும்.

விருதும் நூலும்

மருத்துவப் பணிக்காக 1972-இல் மேரி வர்கீசுக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1963-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

மறைவு

விபத்துக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மேரி வர்கீஸ், 1986 டிசம்பர் 17 அன்று காலமானார். அவர் தொடங்கிய நிலையம் பாகாயத்தில் தொடர்ந்து இயங்கி வருகிறது.

மறுவாழ்வு மருத்துவத்தின் விரிவு: பக்கவாதமும் விழுங்குதலும்

மேரி வர்கீஸ் பணியாற்றிய காலத்தில் விழுங்கல் குறைக்கான பயிற்சி தனித்துறையாக உருப்பெறவில்லை. அமெரிக்கப் பேச்சு நோயியலாளர் செரி லோகமன் 1983-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தது. விழுங்கல் குறைக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது, மேரி வர்கீஸ் மறைந்த 1986-ஆம் ஆண்டில்தான். எனினும் கை சீரமைப்பிலும் தண்டுவடக் காயத்திலும் கண்ட அதே இரு வழிகளை இங்கும் காணலாம். ஒன்று, இழந்த திறனைப் பயிற்சியால் மீட்டல். மற்றொன்று, மீளாத திறனுக்கு மாற்று வழி அமைத்தல்.

குறை ஏற்படும் விதம்

தொண்டையில் உணவுக்கும் மூச்சுக்காற்றுக்கும் ஒரே பாதை பொதுவாக உள்ளது. விழுங்கும் நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்ள, உணவு உணவுக்குழலுக்குள் செல்கிறது. உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை ஆகியவற்றின் பல தசைகள் உரிய வரிசையில் இயங்கினாலே இது நிகழும். மூளைத்தண்டும் பெருமூளையும் இவ்வியக்கத்தை ஆள்கின்றன. பக்கவாதத்தில் இப்பகுதிகள் பாதிக்கப்படும்போது தசைகள் தளர்வதோடு, வரிசையும் காலமும் பிறழ்கின்றன.

புதிதாகப் பக்கவாதம் கண்டோருள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் விழுங்கல் குறை உண்டாகிறது. பலருக்கு அது சில வாரங்களில் குறைந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு நீடித்து, உடல் மெலிவு, நீரிழப்பு, நுரையீரல் அழற்சி ஆகியவற்றுக்குக் காரணமாகிறது. உணவோ எச்சிலோ மூச்சுக்குழலுக்குள் செல்வதைப் புரையேறுதல் என்கிறோம். நலமுடையவருக்குப் புரையேறினால் உடனே இருமல் வரும். தொண்டை உணர்வு குறைந்த பக்கவாத நோயாளிக்கு இருமலே வராமல் போகலாம். எனவே இருமவில்லை என்பதைக் கொண்டு நன்றாக விழுங்குகிறார் என்று முடிவுசெய்ய இயலாது. உண்டபின் குரல் ஈரமாக ஒலித்தல், வாயோரம் வழிதல், கன்னத்தில் உணவு தங்குதல், அடிக்கடி காய்ச்சல் வருதல் ஆகியன கவனிக்கவேண்டிய அறிகுறிகள்.

மதிப்பீடு

பக்கவாதம் கண்டவருக்கு நீர், உணவு, மாத்திரை எதையும் வாய்வழி கொடுப்பதற்கு முன் விழுங்குதலைச் சோதிக்கவேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. மயங்கிக் கிடப்பவர் வாயில் நீரோ பாலோ ஊற்றும் வீட்டு வழக்கம் ஆபத்தானது. முதலில் சிறு அளவு நீரைக் கொடுத்து இருமலையும் குரல் மாற்றத்தையும் கவனிக்கும் எளிய சோதனை செய்யப்படுகிறது. ஐயமிருப்பின், பேரியம் கலந்த உணவை விழுங்கச்செய்து ஊடுகதிர்ப் படமாகப் பார்த்தோ, மூக்குவழி நுண் நோக்குக்குழாய் செலுத்தியோ குறை அறியப்படுகிறது. வாய்வழி உணவு பாதுகாப்பற்றது எனில் மூக்குவழிக் குழாய் மூலம் உணவு அளிக்கப்படும். நெடுங்காலம் தேவைப்பட்டால் வயிற்றுச் சுவர் வழியாக இரைப்பைக்குள் குழாய் பொருத்தப்படும்.

பயிற்சிகளும் மாற்று வழிகளும்

திறனை மீட்கும் பயிற்சிகளுள், முழு வலிமையோடு விழுங்கிப் பழகுதல், குரல்வளை மேலெழுந்த நிலையிலேயே சிறிது நேரம் நிறுத்திப் பிடித்தல் ஆகியன அடங்கும். மல்லாந்து படுத்துத் தோள்களை உயர்த்தாமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரல்களைப் பார்க்கும் பயிற்சி, உணவுக்குழல் வாயைத் திறக்கும் தசைகளை வலுப்படுத்துகிறது.

மாற்று வழிகளாகக் கற்பிக்கப்படுவன, மோவாயைத் தாழ்த்தி விழுங்குதல், தளர்ந்த பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்குதல், மூச்சை அடக்கி விழுங்கி உடனே இருமுதல் ஆகியவையாகும். ஒருவருக்குப் பொருந்தும் நிலை மற்றொருவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆதலால், சோதித்தறிந்த பின் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரின் மேற்பார்வையிலேயே இவற்றைச் செய்யவேண்டும்.

உணவின் பதமும் முதன்மையானது. விரைந்து ஓடும் நீரே பலருக்கு மிகக் கடினமானது. உதிரியான பொரியும் முறுக்கும், சாறும் பருக்கையும் பிரிந்து நிற்கும் இரசச் சாதமும் இடர் தரக்கூடியவை. குழைய வேகவைத்து ஒரே பதமாக மசித்த சாதமோ கெட்டியான கூழோ சிலருக்கு எளிதாக இருக்கும். உலக அளவில் நீர்மங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுத்துள்ளனர். கெட்டியாக்கிய நீர்மம் புரையேறுவதைக் குறைக்கிறது. ஆயினும் அதைக் குடிக்க விரும்பாமல் நோயாளி நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளக்கூடும். நேராக அமர்த்தி, சிறு கவளமாக, அவசரமின்றி ஊட்டுதலும், உண்டபின் அரைமணி நேரமேனும் அமர்ந்திருக்கச் செய்தலும் பொதுவான நெறிகள். வாயைத் தூய்மையாக வைத்திருந்தால் நுரையீரல் அழற்சிக்கான வாய்ப்பு குறைகிறது.

வீட்டில் நாள்தோறும் ஊட்டுபவர் குடும்பத்தாரே ஆதலால், அவர்களைப் பயிற்றுவது இங்கும் மருத்துவத்தின் பாதியாகும். ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது உறவின் அடையாளமாகக் கருதப்படும் சமூகத்தில், வாய்வழி உண்ண இயலாமை நோயாளியைத் தனிமைப்படுத்துகிறது. அவர் பாதுகாப்பாக மீண்டும் ஒரு கவளம் உண்பது ஊட்டத்தைக் கடந்த பொருள் உடையது.

தமிழ்நாட்டில் இத்துறை

மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், இந்தியாவில் பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்குவதில் முதன்மை பெற்றது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் இப்பயிற்சியாளர்களைப் பதிவுசெய்கிறது. தமிழ்நாட்டில் போரூர் இராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்ட நிறுவனங்களில் பேச்சு மற்றும் கேட்டல் துறைப் படிப்புகள் உள்ளன.

சென்னையிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை, வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த திருப்பெரும்புதூர் வழியாகச் செல்கிறது. அதனை அடுத்த ஒரகடமும் அத்தகைய தொழிற்பகுதியே. இப்பகுதித் தொழிலாளர்கள் பலருக்கு, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட தொழிலாளர் காப்பீடு உண்டு. உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல், இரு கால்கள் செயலிழத்தல் ஆகிய இரண்டும் அக்காப்பீட்டின் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிக்குரிய நோய்களின் பட்டியலில் உள்ளன. பக்கவாதத்தால் வேலையிழந்த தொழிலாளியும், சாலை விபத்தில் தண்டுவடம் சிதைந்த இளைஞரும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் எதிர்கொள்ளும் கேள்வி, 1954-இல் மேரி வர்கீஸ் எதிர்கொண்ட கேள்வியே ஆகும். அன்று அவருக்காக அத்தகைய துறை எதுவும் இந்தியாவில் இருக்கவில்லை.